சீருடைச் செலவு: தொகையைவிடத் தேதியே பெரிய சுமை

பள்ளிச் சீருடைக்கு ஆதரவாகச் சொல்லப்படும் காரணங்களில் முதலிடம் சமத்துவத்துக்குத்தான். வசதியான வீட்டுப் பிள்ளையும் வசதியற்ற வீட்டுப் பிள்ளையும் ஒரே உடையில் வந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்தால், வீட்டு நிலைமை வகுப்பறைக்குள் தெரியாது என்பது வாதம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அந்த உடையை வாங்கும் பொறுப்பு முழுவதும் குடும்பத்தின் தலையில் விழும்போது, மறைக்கப்பட வேண்டிய நிலைமை வேறு வழியில் வெளிப்பட்டுவிடுகிறது. நிறம் மங்கிய சட்டை, கணுக்காலுக்கு மேல் ஏறிவிட்ட கால்சட்டை, பள்ளி முத்திரை இல்லாத ஸ்வெட்டர் என்று எல்லாரும் ஒரே உடையில் நிற்கும் வரிசையில், சற்றே மாறுபட்டவர்தான் முதலில் கண்ணில் படுகிறார். ஆகவே சீருடையைக் கட்டாயமாக்கும் எந்த அமைப்பும், அதை வாங்க இயலாதவருக்கு என்ன வழி என்ற கேள்விக்கும் பதில் வைத்திருந்தாக வேண்டும். பல நாடுகள் பல விதமாக அந்தப் பதிலைத் தேடியிருக்கின்றன; சில வழிகள் பலித்திருக்கின்றன, சில காகிதத்தோடு நின்றிருக்கின்றன.

முதலில், இந்தச் செலவு ஏன் இத்தனை கனமாக இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பிள்ளைகள் எப்படியும் உடை உடுத்தத்தான் போகிறார்கள். சீருடை இருந்தால் மற்ற உடைகளின் தேவை குறையும். எனவே மொத்தத்தில் இது சேமிப்பே என்று பள்ளி நிர்வாகிகள் சொல்வதுண்டு. ஆண்டு முழுவதையும் கூட்டிக் கணக்கிட்டால் அந்த வாதம் பல குடும்பங்களுக்குப் பொருந்தவும் கூடும். ஆனால் குறைந்த வருமானத்தில் வாழும் குடும்பம் ஆண்டுக் கணக்கில் செலவு செய்வதில்லை. வாரக் கணக்கிலும் மாதக் கணக்கிலும்தான் செய்கிறது. சாதாரண உடையை இன்று ஒன்று, இரண்டு மாதம் கழித்து ஒன்று என்று கையில் காசு வரும்போது வாங்கலாம், உறவினர் வீட்டிலிருந்து பெறலாம், விலை குறையும்வரை காத்திருக்கலாம். சீருடைக்கு அந்த நெகிழ்வு கிடையாது. பள்ளி திறக்கும் நாளன்று எல்லாம் ஒன்றாக வேண்டும். அதே வாரத்தில்தான் கட்டணமும் புத்தகமும் பையும் காலணியும் கேட்கப்படும். இரண்டு மூன்று பிள்ளைகள் இருந்தால் அதே தேதியில் அத்தனை மடங்கு. நான் பார்த்தவரை, இந்தச் சிக்கலைப் பற்றிய பேச்சில் தொகை எவ்வளவு என்பதே முன்னுக்கு வருகிறது. அது எந்தத் தேதியில் கேட்கப்படுகிறது என்பது பின்னுக்குப் போய்விடுகிறது. குடும்பத்தைக் கடன் வாங்க வைப்பது பெரும்பாலும் அந்தத் தேதிதான்.

இத்துடன் வளர்ச்சி என்ற ஒன்றும் இருக்கிறது. வளரும் வயதில் ஓராண்டுக்கு எடுத்த உடை அந்த ஆண்டு முடியும் முன்பே பற்றாமல் போவது இயல்பு. அதனால்தான் தொடக்கப் பள்ளியைவிட இடைநிலைப் பள்ளியில் நுழையும் ஆண்டு குடும்பங்களை அதிகம் அழுத்துகிறது: பள்ளி மாறுகிறது, நிறம் மாறுகிறது, உடற்பயிற்சிக்குத் தனி உடை சேர்கிறது, அளவும் பெரியவர் அளவை நெருங்குகிறது. பிரிட்டனில் இதற்கு ஒரு வரிக் கோணமும் உண்டு. அங்கே சிறுவர் உடைகளுக்கு மதிப்புக் கூட்டு வரி கிடையாது. ஆனால் அந்த விலக்கு 14 வயதுக்கு உட்பட்டோருக்கு ஏற்ற அளவுகளோடு நின்றுவிடுகிறது. ஆகவே சீக்கிரமாக உயர்ந்து வளர்ந்துவிட்ட பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் சீருடைக்கு 20 சதவீத வரி கட்ட நேர்கிறது. உயரமாக வளர்ந்ததற்குத் தண்டனை என்று இதைச் சொன்னால் மிகையாகாது.

வாங்க இயலாததன் விளைவு வெறும் மனவருத்தத்தோடு முடிவதில்லை என்பதற்குக் கென்யாவிலிருந்து நல்ல சான்றுகள் உள்ளன. 2003-இல் அந்த நாடு தொடக்கப் பள்ளிக் கட்டணத்தை நீக்கியது. கட்டணம் போனபின் பெற்றோர் கையிலிருந்து போகும் பெரிய செலவாக எஞ்சியது சீருடை. பொருளியலாளர்கள் எஸ்தர் டுஃப்லோ, பாஸ்கலின் டூபா, மைக்கேல் கிரெமர் ஆகியோர் மேற்குக் கென்யாவில் 328 பள்ளிகளைக் கொண்டு நடத்தி 2015-இல் வெளியிட்ட ஆய்வில், மேல் வகுப்பு மாணவர்களுக்குத் தொடக்கப் பள்ளி முடியும்வரை இலவசச் சீருடை கொடுக்கப்பட்ட பள்ளிகளில், மூன்றாண்டுகளுக்குள் பெண் பிள்ளைகளின் இடைநிற்றல் 19 சதவீதத்திலிருந்து 16 ஆகவும், பதின்பருவக் கருத்தரிப்பு 16 சதவீதத்திலிருந்து 13 ஆகவும் குறைந்திருந்தது. துணி ஒன்று கருத்தரிப்பைத் தடுக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. பள்ளிக்குப் போக முடிந்த பெண் பள்ளியிலேயே இருக்கிறாள். பள்ளியில் இருக்கும் பெண்ணுக்குத் திருமணமும் மகப்பேறும் தள்ளிப்போகின்றன என்பதே அங்கு தெரிந்தது.

அதே நாட்டில் டேவிட் எவன்ஸும் முதோனி ங்காட்டியாவும் செய்த இன்னொரு ஆய்வு இதைவிடக் கூர்மையானது. அங்கே யாருக்குச் சீருடை கிடைக்கும் என்பது குலுக்கலில் முடிவானது. கிடைத்தவர்களின் பள்ளி வராமை சராசரியாக 37 சதவீதம் குறைந்தது. முன்பு சீருடையே இல்லாதிருந்த பிள்ளைகளிடம் 55 சதவீதம் குறைந்தது. இங்கேயே நிறுத்திவிட்டால் மகிழ்ச்சியான செய்தி. ஆனால் எட்டாண்டுகளுக்குப் பின் அதே பிள்ளைகளைத் தேடிப் பார்த்தபோது, அவர்கள் எத்தனையாவது வகுப்புவரை படித்தார்கள், தொடக்கக் கல்வியை முடித்தார்களா என்பவற்றில் நிலைத்த பலன் எதுவும் தெரியவில்லை. இரண்டு ஆய்வுகளின் களமும் வயதும் வேறு என்பதால் ஒன்றை வைத்து மற்றொன்றை மறுக்க முடியாது. என் வாசிப்பில், உடை வராமையைக் குறைக்கிறது என்பதில் இரண்டும் முரண்படவில்லை. ஆனால் கிழிந்தும் சிறுத்தும் போகும் ஒரு பொருளைக் கொண்டு ஒரு பிள்ளையின் கல்வியை நெடுங்காலம் தாங்க வேண்டுமானால், உதவியும் ஆண்டுதோறும் வந்துகொண்டிருக்க வேண்டும்.

அடுத்து விலை. சீருடையின் விலையில் துணிக்கும் தையலுக்கும் உரிய பங்கு ஒன்று. பள்ளியின் விதிக்கு உரிய பங்கு இன்னொன்று. எங்கும் கிடைக்கும் வெள்ளைச் சட்டையும் சாம்பல் நிறக் கால்சட்டையும் போதும் என்றால், கடைகள் தங்களுக்குள் போட்டி போட்டு விலையைக் குறைக்கும். பள்ளியின் முத்திரை பின்னிய சட்டைதான் வேண்டும், அதை இன்ன கடையில்தான் வாங்க வேண்டும் என்று விதி வந்துவிட்டால் போட்டி அங்கேயே முடிகிறது. ஜப்பானின் நியாய வணிக ஆணையம் 2017 நவம்பரில் அரசு நடுநிலைப் பள்ளிகளின் சீருடை வணிகத்தை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டு, தயாரிப்பாளர்களையும் விற்பனையாளர்களையும் போட்டி முறையில் தேர்ந்தெடுக்கும்படி பள்ளிகளைத் தூண்டியது. அடுத்த ஆண்டே தோக்கியோவின் கின்சா பகுதியில் உள்ள அரசுத் தொடக்கப் பள்ளி ஒன்று, இத்தாலியின் அர்மானி நிறுவனம் வடிவமைத்த, முழுத் தொகுப்பாக 80,000 யென்னைத் தாண்டும் சீருடையை அறிவித்ததும் நாடாளுமன்றம்வரை கேள்வி எழுந்தது. விதிகளை வகுப்பவர் ஒருவர், பணம் கட்டுபவர் வேறொருவர் என்ற ஏற்பாட்டில் இப்படிப்பட்ட முடிவுகள் வருவது வியப்பன்று.

இங்கிலாந்து இதைச் சட்டத்தால் கட்டுப்படுத்த முயன்றது. தொழிற்கட்சி உறுப்பினர் மைக் அமெஸ்பரி கொண்டுவந்த தனிநபர் மசோதா 2021 ஏப்ரலில் சட்டமானது. சீருடைச் செலவு குறித்து அரசு வெளியிடும் வழிகாட்டுதலைப் பள்ளிகள் கருத்தில் கொண்டே ஆக வேண்டும் என்பது அதன் சாரம். அதே ஆண்டு நவம்பரில் வந்த வழிகாட்டுதல், முத்திரையிட்ட உருப்படிகளை இயன்றவரை குறைக்கவும், ஒரே விற்பனையாளருடன் போட்டியின்றி ஒப்பந்தம் செய்வதைத் தவிர்க்கவும், பயன்படுத்திய சீருடைகள் பெற்றோருக்குக் கிடைக்க ஏற்பாடு செய்யவும், அந்தத் தகவலைப் பள்ளியின் இணையதளத்தில் வைக்கவும் சொன்னது. ‘இயன்றவரை குறைக்க’ என்ற சொல்லை ஒவ்வொரு பள்ளியும் தனக்கு ஏற்றபடி பொருள்கொண்டதால், 2024 டிசம்பரில் அறிமுகமான இன்னொரு மசோதாவில் எண்ணிக்கையே குறிக்கப்பட்டது: முத்திரையிட்ட உருப்படிகள் மூன்றுக்கு மேல் கூடாது, இடைநிலைப் பள்ளியில் கழுத்துப்பட்டை (டை) நான்காவதாக இருக்கலாம். எண்ணிக்கை இல்லாத விதி விதியே ஆகாது என்பதைக் கற்றுக்கொள்ள மூன்றாண்டுகள் பிடித்தன.

விலைக் கட்டுப்பாட்டைப் பற்றி இவ்வளவு சொல்வதற்குக் காரணம் உண்டு. உதவித் தொகை என்பது விண்ணப்பித்தவருக்கும் தகுதி பெற்றவருக்கும் மட்டும் போய்ச் சேர்வது. விதியைத் தளர்த்துவதோ எவரும் விண்ணப்பிக்காமலே எல்லாருக்கும் பயன்படுவது. வருமான வரம்பைச் சில நூறு தாண்டியதால் எந்த உதவிக்கும் தகுதி பெறாமல் போகும் குடும்பங்களுக்கு இதுதான் உண்மையான நிவாரணம். முத்திரையைத் தனியாகக் கொடுத்து, வீட்டில் தைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடும் பள்ளி, அரசின் ஒரு திட்டத்துக்கு ஈடான வேலையைச் செலவே இல்லாமல் செய்துவிடுகிறது.

அரசு உதவிகளுக்கு வந்தால், துணியாகவோ உடையாகவோ கொடுப்பது, குறிப்பிட்ட பொருளுக்கு மட்டும் செல்லும் பற்றுச்சீட்டு கொடுப்பது, பணமாகக் கொடுப்பது என மூன்று வடிவங்கள் உள்ளன. இலங்கை 1993 முதல் அரசுப் பள்ளி மாணவர்களுக்குச் சீருடைத் துணியை இலவசமாக வழங்கி வருகிறது. இடையில் 2016-ஐ ஒட்டிச் சில ஆண்டுகள் துணிக்குப் பதில் பற்றுச்சீட்டு வழங்கப்பட்டு, பின்னர் மீண்டும் துணிக்கே திரும்பியது. பொருளாதார நெருக்கடிக்குப் பின் துணியின் பெரும்பகுதி சீனாவின் நன்கொடையாக வந்தது. 2025 கல்வியாண்டுக்கான துணி முழுவதுமே அவ்வாறு கிடைத்தது. துணியாகக் கொடுப்பதன் வலிமை, வருமானச் சான்று கேட்காமல் எல்லாப் பிள்ளைக்கும் கொடுக்க முடிவது. யார் உதவி பெறுபவர் என்ற அடையாளமே அங்கு எழுவதில்லை. பலவீனம், தையல் கூலியும் காலணியும் குடும்பத்தின் பொறுப்பாகவே நிற்பது. கப்பல் தாமதித்தால் பள்ளி திறந்தபின் துணி வருவது.

இந்தியாவில் ஒன்றிய அரசின் பள்ளிக் கல்வித் திட்டமான சமக்ர சிக்ஷா எட்டாம் வகுப்புவரை அரசுப் பள்ளிகளில் படிக்கும் எல்லாப் பெண் பிள்ளைகளுக்கும், பட்டியல் சாதி, பழங்குடி, வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ள குடும்பங்களின் ஆண் பிள்ளைகளுக்கும் ஆண்டுக்கு இரண்டு செட் சீருடைக்கு ஒரு பிள்ளைக்கு 600 ரூபாய் ஒதுக்குகிறது. அதை உடையாகத் தைத்துக் கொடுப்பதா, பணமாகத் தருவதா என்பது மாநிலத்தைப் பொறுத்தது. உத்தரப் பிரதேசம் 2021 முதல் சீருடை, ஸ்வெட்டர், காலணி, பை ஆகியவற்றுக்கான தொகையைச் சேர்த்துப் பெற்றோரின் வங்கிக் கணக்கிலேயே செலுத்துகிறது. பணமாக வரும்போது அளவு பிழைப்பதில்லை, தரம் குறைந்த துணி என்ற புகாரும் எழுவதில்லை. ஆனால் வங்கிக் கணக்கு ஆதாருடன் இணைக்கப்படவில்லை என்ற ஒரே காரணத்துக்காக ஒரு பிள்ளையின் பணம் நின்றுபோகலாம்.

பண உதவியில் நான் முன்மாதிரியாகக் கருதுவது அயர்லாந்தின் ஏற்பாடு. அங்கே பள்ளி உடைக்கும் காலணிக்கும் என்று தனி உதவித்தொகை ஒன்று உண்டு: 2025-இல் அது 4 முதல் 11 வயதுவரை 160 யூரோ, 12 வயதிலிருந்து 285 யூரோ. தொகை பெரிதென்பதால் இதைச் சொல்லவில்லை. ஏற்கனவே சமூக நல உதவி பெற்றுவரும் குடும்பங்களில் பெரும்பாலானவற்றுக்கு விண்ணப்பமே இல்லாமல், பள்ளி திறப்பதற்கு முன்பாக ஜூலையிலேயே இது போய்ச் சேர்கிறது. தெரியாததால் கேட்காமல் விட்டவர், கேட்கக் கூச்சப்பட்டவர், படிவம் நிரப்பத் தெரியாதவர் ஆகிய மூவரையும் இந்த ஒரே நடைமுறை காப்பாற்றிவிடுகிறது. ஜப்பானில் ஏழைக் குடும்பங்களுக்கான பள்ளி உதவித் திட்டம் நெடுங்காலமாக இருந்தும், முதலாண்டில் சேரும் பிள்ளைக்கான தொகை சேர்ந்து சில மாதங்கள் கழித்தே கைக்கு வந்தது; அதற்குள் குடும்பம் கடன் வாங்கிச் சீருடை வாங்கி முடித்திருக்கும். 2017-இல் தேசிய அளவில் விதி திருத்தப்பட்டு, சேர்வதற்கு முன்பே கொடுக்கலாம் என்று ஆனபின் பல நகராட்சிகள் தேதியை முன்னே நகர்த்தின. அதே திட்டம், அதே தகுதி. மாறியது நாட்காட்டி மட்டும்.

பிரிட்டனுக்குள்ளேயே எல்லைக்கு எல்லை மாறும் நிலையும் கவனிக்கத் தக்கது. ஸ்காட்லாந்தில் தகுதி உள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் தொடக்கப் பள்ளியில் குறைந்தது 120 பவுண்டு, இடைநிலைப் பள்ளியில் குறைந்தது 150 பவுண்டு தர வேண்டும் என்பது 2021 முதல் தேசிய வரையறை. வேல்ஸில் 125 பவுண்டு, இடைநிலையில் நுழையும் ஆண்டுக்கு மட்டும் 200 பவுண்டு. நுழைவாண்டின் அழுத்தத்தை அறிந்து வகுத்த திட்டம் அது. இங்கிலாந்தில் அப்படித் தேசிய உதவித் தொகை இல்லை. உள்ளாட்சி விரும்பினால் தரலாம். தராவிட்டால் கேட்க வழியில்லை. ஒரே வருமானம் உள்ள இரண்டு குடும்பங்களில் ஒன்றுக்குக் கிடைத்து மற்றொன்றுக்குக் கிடைக்காமல் போவதற்கு முகவரி ஒன்றே காரணமாகிவிடுகிறது.

அரசு எட்டாத இடத்தில் தொண்டு அமைப்புகள் நிற்கின்றன. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 1930-ஆம் ஆண்டு, பெருமந்தக் காலத்தில், அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய ஸ்டேட் ஸ்கூல்ஸ் ரிலீஃப் அமைப்பு இன்றும் சீருடையும் காலணியும் வழங்குகிறது. அங்கே விண்ணப்பத்தைப் பள்ளியே அனுப்புகிறது. பெற்றோர் பள்ளியிடம் சொன்னால் போதும். நியூசிலாந்தில் வேறு முகம். சமூக நலத் துறை சீருடைக்குப் பணம் தரும், ஆனால் பெரும்பாலான நேர்வுகளில் அது திருப்பிச் செலுத்த வேண்டிய முன்பணம். பெற்றோர் அல்லாதோர் வளர்க்கும் சில பிள்ளைகளுக்கு மட்டும் திருப்பிக் கேட்காத உதவி உண்டு. வட்டியில்லாக் கடன் என்பது தேதியின் அழுத்தத்தைத் தணிக்கும், உண்மைதான். தொகையின் சுமை மட்டும் அடுத்த மாதங்களின் உதவிப் பணத்தில் பிடித்தமாக நீள்கிறது. ஒரு குடும்பம் இதை உதவி என்று எண்ணிக் கையெழுத்திடும் முன், கடன் என்று தெரிந்து கையெழுத்திடுவது நல்லது.

உதவி தேடும் குடும்பம் எங்கிருந்து தொடங்குவது? தொண்டு அமைப்பையும் கடனையும் முதலில் தேடுவதே பலரின் வழக்கம். வரிசையைத் திருப்பிப் போடுவது பயன் தரும். முதல் படி பள்ளியின் சீருடை விதியை எழுத்தில் வாங்கிப் படிப்பது. கட்டாயம் எது, விருப்பத்துக்குரியது எது, எதில் முத்திரை வேண்டும், எதைப் பொதுக் கடையில் வாங்கலாம் என்று பார்த்தால் பட்டியல் பல நேரங்களில் சுருங்கும். கடைக்காரர் அடுக்கி வைக்கும் ‘முழுத் தொகுப்பு’ பள்ளியே கேட்காத உருப்படிகளையும் உள்ளடக்கியிருக்கலாம். இரண்டாவதாக, பள்ளியில் பயன்படுத்திய சீருடைச் சேமிப்பு உண்டா என்று கல்வியாண்டு முடியும் வாரத்திலேயே கேட்பது. மேல் வகுப்புக்கு மாறும் பிள்ளைகளின் உடைகள் அப்போதுதான் வந்து சேரும். திறக்கும் வாரத்தில் கேட்டால் பொதுவான அளவுகள் தீர்ந்திருக்கும். புதிதாக வாங்குவதானால் உள்மடிப்புத் துணி அதிகம் விட்டுத் தைத்ததைத் தேர்ந்தெடுத்தால் ஓராண்டு கூடுதலாக உழைக்கும். எல்லா உருப்படிகளையும் ஒரே நாளில் வாங்காமல், குளிர்காலத்துக்கு மட்டும் தேவைப்படுவதைத் தள்ளி வைக்கலாம். பள்ளியிடம் முன்கூட்டிச் சொல்லிவிட்டால் பெரும்பாலும் மறுப்பதில்லை.

அதன் பிறகே அரசு உதவி. இதில் பலர் தவறவிடுவது, ஒரு உதவிக்கான தகுதி இன்னொன்றுக்கும் திறவுகோலாக இருப்பதை. இலவச உணவுக்கோ கட்டணச் சலுகைக்கோ தகுதி பெற்ற பிள்ளைக்குச் சீருடை உதவிக்கும் தகுதி இருப்பது பல நாடுகளில் வழக்கம். ஆனால் விண்ணப்பம் தனியாக இருக்கலாம், கடைசித் தேதியும் தனியாக இருக்கலாம். வருமானச் சான்று, முகவரிச் சான்று, சேர்க்கைக் கடிதம், வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றின் நகல்களை ஒரே உறையில் தயாராக வைத்திருந்தால், தேதி அறிவிக்கப்பட்ட நாளே விண்ணப்பிக்க முடியும். ஆண்டின் நடுவில் வேலை போனவர், ஊர் மாறியவர், குடும்பம் பிரிந்தவர் ஆகியோர் சென்ற ஆண்டு வருமானத்தைக் காட்டினால் தகுதி இழக்க நேரும். நிலைமை மாறியதைக் குறிப்பிட்டு மறுபரிசீலனை கேட்கலாம். பள்ளித் தலைமையின் கைவசம் இடர்ப்பாட்டு நிதி என்று ஒன்று இருப்பதும் உண்டு. அதை யாரும் விளம்பரம் செய்வதில்லை, கேட்டால்தான் தெரியும்.

எப்படிக் கேட்பது என்பதும் ஒரு விஷயம். குடும்பக் கதை முழுவதையும் சொல்ல வேண்டிய கட்டாயம் எவருக்கும் இல்லை. பிள்ளையின் பெயர், வகுப்பு, எந்த உருப்படி இல்லை, எந்தத் தேதிக்குள் வாங்க இயலும் அல்லது இயலாது என்ற நான்கு வரிகள் கொண்ட கடிதம் போதும். அதைப் பிள்ளையின் கையில் கொடுத்தனுப்பாமல் அலுவலகத்தில் நேரே கொடுத்து, ஒரு நகலில் பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. பிள்ளையை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களோ என்ற அச்சம் இருந்தால் அந்த நகல்தான் கைகொடுக்கும். தென்னாப்பிரிக்காவின் 2006-ஆம் ஆண்டுத் தேசிய வழிகாட்டுதல், சீருடை வாங்க இயலாத காரணத்துக்காக எந்தப் பிள்ளைக்கும் சேர்க்கை மறுக்கக் கூடாது என்கிறது. இங்கிலாந்தின் வழிகாட்டுதல், பணமுடையால் உடை குறைந்த பிள்ளையைச் சங்கடப்படுத்தவோ பாகுபடுத்தவோ கூடாது என்கிறது. வேறு இடங்களிலும் கல்வித் துறை இதைப் போன்ற ஆணை ஏதாவது வெளியிட்டிருக்கக் கூடும். பள்ளிக்கு எழுதும் கடிதத்தில் அதன் எண்ணையும் தேதியையும் குறிப்பிட்டுவிட்டால், தலைமை ஆசிரியர் தம் விருப்பப்படி முடிவெடுக்கும் சலுகையாக அது நின்றுவிடாமல், எழுத்தில் பதில் தர வேண்டிய கோரிக்கையாகிறது.